எதிராஜ் கேட்கும் சத்தம்

போன மாதம் பொன்னேரி பக்கத்தில் ஏரிக்கரை மீனவக் கிராமமான கோட்டைக்குப்பம் போயிருந்தேன். இறால் வாங்க அல்ல… வீடியோ கேம் மெஷின் வாங்க!

வாங்குவது நானில்லை, நண்பன் ரவி. சென்னையில் காபி ஷாப் வைத்திருக்கிறான். காசு போட்டு ஆடும் அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று நின்றால் கூட்டம் அள்ளும் என்று யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். பொன்னேரியில் மூடிப்போன கேம் சென்டரின் பெட்டி, கோட்டைக்குப்பத்தில் செல்வியக்காவின் டீக்கடையில் இருப்பதாகத் தகவல்.

இருந்தது. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு ஒருவர் ஆடிக்கொண்டும் இருந்தார். செல்வியக்காவின் கணவர் எதிராஜ். ஏரியில் மீன் பிடித்தவர்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். திரையில் ஒருவன் நடப்பான். இரண்டு பக்கமும் அடியாட்கள் வருவார்கள். குத்து, உதை, குனி… அவ்வளவுதான். எதிராஜ் ஒரு அடிகூட வாங்கவில்லை. அசந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் திரையிலேயே இல்லை.

"சக்கரை சார். ரெண்டு கண்ணும் பூட்ச்சு. மூணு வருசமாவுது" என்றார் செல்வியக்கா.

"அப்புறம் எப்படிண்ணே ஆடறீங்க?"

"கத்திக்காரன் வந்தா கிளிங்குனு ஒரு சத்தம். குண்டன் வந்தா தும்தும்னு. அடிக்கிறதுக்கு முன்ன ஒரு மூச்சு வுடுவான், அப்ப குனியணும். வர்ற வரிசை மாறாது சார். செத்தா நம்ம தப்புதான்!" என்றார் எதிராஜ்.

யோசித்துப் பாருங்கள்… தோற்றவனையே மறுபடி காசு போட வைப்பது எது? இந்த நேர்மைதானே!

அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. திரை கறுத்தது.

எதிராஜ் ஆட்டத்தை நிறுத்தவில்லை. டக்… டக்டக்… குனிந்தார். காத்திருந்தார். உதைத்தார். ஊமையாகிவிட்ட பெட்டியில் பட்டன் சத்தம் மட்டும். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். எனக்கு முதுகு சில்லிட்டது.

"அண்ணே, கரண்ட் போயிடுச்சு" என்றான் ரவி.

"சும்மா இருப்பா. நீ பேசறதுல சத்தம் கேக்கமாட்டேங்குது!"

எந்தச் சத்தம்?

செல்வியக்கா எங்களை வெளியே இழுத்து வந்தார். "இதான் சார் பயமா கீது. வூட்லயும் கை ஆடினே கீது. போன வாரம் இப்டியே ஆடினு ஏரிக்குள்ள நடந்து பூட்டாரு. நான் கத்தறது காதுலயே வுழல. இடுப்பளவு தண்ணில போயி இழுத்தாந்தேன். மொதல்ல இத்த எடுத்துனு பூடுங்க."

பார்வை போன மனிதரின் ஒரே பொழுதுபோக்கைப் பறிப்பதா? தயக்கத்தோடு அவரிடமே கேட்டோம்.

"தாராளமா எடுத்துனு போங்க" என்று சிரித்தார். அழுதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை செல்வியக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏரிப் பக்கம் போறதில்ல சார். சாப்ட்டு முட்ச்சா செவுத்தப் பாத்து குந்திக்கிறாரு. அஞ்சாவது ஸ்டேஜு ரொம்ப கஷ்டமா கீதுனு நேத்து சொல்றாரு."

கேமை முழுசாக ஆடி முடித்துவிட்ட ரவியிடம் கேட்டேன். அதில் இருப்பதே நாலு ஸ்டேஜ்தானாம்.