ஐம்பது நிமிடத் தூரம்

இஸ்திரிக்கடைக்காரிக்கு வாய் நீளம். சட்டையில் சுருக்கம் இருக்கிறது என்று யாராவது குறை சொன்னால், "உங்க தொப்பைக்கு முன்னாடி என் மடிப்பு எவ்வளவு நேரம்தான் நிக்கும்?" என்று கேட்டுவிடுவாள். தெருமுனையில் கடை, நாலு வீடு தள்ளிக் குடியிருப்பு. இருபது வருஷமாக அவள் உலகம் அவ்வளவுதான். அவளையே வாயடைக்க வைத்தாள் ஒரு விமானப் பணிப்பெண்.

தேய்த்த சீருடையை வாங்கிக்கொண்டு இன்னொரு ஜோடியை நீட்டிய அந்தப் பெண், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். இன்றைக்கு எந்த ஊர் என்று சும்மா கேட்டுவைத்தாள் இஸ்திரிக்காரி. பெண் சொன்னது இஸ்திரிக்காரியின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர்.

"அங்க போயிட்டு சாயங்காலமே வந்துடுவியா? யார்கிட்ட கதை விடறே?"

"ஏறி உக்காந்தா அம்பது நிமிஷம்தான். எல்லாருக்கும் டீ குடுத்துட்டு கப்பை வாங்கறதுக்குள்ள இறங்கிடும்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கல்யாணமான அக்காவைக் கொண்டுபோய் விட்டபோது பஸ், ரயில், ஆற்றில் படகு, மறுபடி பஸ் என்று இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து இவள் வீட்டில் அந்த ஊர் இரண்டு நாள் தூரம்தான். விமானம் கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு என்று நினைத்திருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அம்மா இறந்தபோது, பெரியவளுக்காகக் காத்திருக்கலாமா என்று மாமா கேட்டார். இவள்தான் போனில் சொன்னாள்: "நீ வந்து சேர ரெண்டு நாள் ஆகும்க்கா. அதுவரைக்கும் வைக்க முடியாது. அலையாதே." மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அக்காவின் பேச்சு குறைந்துபோனது. துக்கத்தில் இருக்கிறாள் என்று இவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பெண் போனதும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க ஊருக்கு பிளேன்ல அம்பது நிமிஷம்தானாம்."

"தெரியும்."

"தெரியுமா? அப்போ அன்னிக்கு ஏன்க்கா சொல்லல?"

"வர்றேன்னு சொல்றதுக்குள்ள நீ போனை வெச்சுட்டே. அதுக்கப்புறம் கூப்பிட்டா யாரும் எடுக்கல. அன்னிக்கே வந்தேன்டி."

"எங்க வந்தே?"

"தெருமுனைக்கு. சாயங்காலம். உன் கடை திறந்திருந்துச்சு. அம்மா போன அன்னிக்கு நீ யார் சட்டையையோ தேச்சுக்கிட்டு நின்னே. எனக்காக ஒரு பொழுது காத்திருக்கல, கடையைத் திறக்க மட்டும் நேரம் இருந்துச்சு. பார்த்துட்டு அப்படியே திரும்பிட்டேன்."

அன்றைக்கு வீட்டில் அம்மாவின் கட்டிலைப் பார்க்கப் பார்க்க மூச்சு முட்டியது. அழவும் வரவில்லை. கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் அவள் கடைக்கு ஓடி வந்திருந்தாள். தேய்த்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

"வீட்டுக்குள்ள இருக்க முடியலக்கா" என்றாள்.

அக்காவின் குரல் யாரோ போலக் கேட்டது.

"நான் உன்னைக் கூப்பிட்டிருக்கணும்டி. பத்தடி தூரத்துலதான் நின்னேன்."