சரோஜா அக்காவை ஏன் பிணவறைக்கு மாற்றினார்கள்

சரோஜா அக்கா இறந்துவிட்டார். காலையில் போன உயிர். சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீடாமங்கலம் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ "பிணவறை சரோஜா காலமானார்" என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு நாற்பது பேர் கைகூப்பியிருக்கிறார்கள்...

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தப்பு இருந்தால் இருக்கட்டும். ஆனால் அக்கா பிணவறை ஆயா இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. ஏன் மாற்றினார்கள் என்பது அந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்குத் தெரியும். மறந்த மாதிரி இருப்பார்கள். நான் மறக்கிறவள் இல்லை.

எனக்கு இரண்டாவதும் பெண். அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. பிறகு நாலு வருஷம் பிள்ளை உண்டாகவில்லை. அதுகூடப் பரவாயில்லை... உதிரப்போக்கு. மாதத்தில் பாதி நாள். நடவுக்குக் குனிந்தால் நிமிர முடியாது.

"பொட்டப் புள்ளையோட கருப்பையும் பூட்டிக்கிச்சு போல" என்று நாத்தனார் சொன்னாள். களத்துமேட்டில், நாலு பேர் முன்னால். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மாமியார் வலங்கைமான் அம்மனுக்குப் பாடைக்காவடி நேர்ந்துகொண்டார். நடுவில் இரண்டு மாதம் போக்கு நின்றது. குணமாகிவிட்டது, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஒரே கொண்டாட்டம். குடமுருட்டியில் முழுகவைத்து, மூங்கில் பாடையில் பிணம் மாதிரி கட்டிப் படுக்கவைத்து, கோயிலைச் சுற்றித் தூக்கி வந்தார்கள்.

இறக்கிவிட்டபோது பாடைத் துணி ரத்தத்தில் நனைந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்.

"ஏம்மா, ஒனக்கு ரெண்டாவது இங்கதான பொறந்துச்சு?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு வச்ச காப்பர்-டிய எடுத்துட்டியா?"

"என்னத்தக்கா?"

துடைப்பத்தைக் கீழே போட்டார். "புள்ள உண்டாகாம இருக்க உள்ள வைக்கிறது. ஒங்கிட்ட சொல்லவே இல்லியா? அந்த வருஷம் வந்த ஒருத்தரையும் விடலியே. தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னதே நான்தான்."

நான் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டேன்.

"ஒங்க வூட்டு மாட்டுக்கு ஊசி போட வந்தாக்கூட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான்டி போடுவாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே பெரிய நர்சம்மா. பேர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். பழைய கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்து மேஜையில் தட்டினார். "கேக்காம யாரும் வைக்கல. பாரு, கைநாட்டு இருக்கு."

"எனக்குப் பேரு எழுதத் தெரியும் சிஸ்டர். நான் எதுக்குக் கைநாட்டு வைக்கப்போறேன்?"

நர்சம்மா குனிந்து ரேகைக்குக் கீழே இருந்த பேரைப் படித்தார். மாமியார் ரேகை. பிரசவத்தன்று வெளியே நின்றவரிடம் நீட்டியிருக்கிறார்கள், பேரக்குழந்தைக்கு ஏதோ தாள் என்று அவரும் வைத்துவிட்டார். தான் என்ன செய்தோம் என்று தெரியாமலே நாலு வருஷம் என்னைத் திட்டித் தீர்த்திருக்கிறார்.

அக்கா அந்தத் தாளைப் பார்த்தார். நர்சம்மாவைப் பார்த்தார். "மாமியார் ரேகைன்னா மாமியாருக்குல்ல வச்சிருக்கணும்?"

வார்டே சிரித்தது. பிரசவ வலியில் கிடந்த ஒரு பெண்கூடச் சிரித்தாள்.

அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அக்கா அதோடு நிற்கவில்லை. கட்டில் கட்டிலாகப் போய், "ஒனக்கு என்ன வச்சாங்கன்னு கேளு, கேளு" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் பிணவறைக்கு மாற்றல்.

நான் அழுதுகொண்டு போய் நின்றேன். "என்னாலதானேக்கா..."

"போடி. இங்க நான் என்ன சொன்னாலும் ஒருத்தரும் போட்டுக்குடுக்க மாட்டாங்க" என்றார்.

ஒரு வருஷம் கழித்து எனக்கு ரத்தம் ஊறி, உடம்பு தேறியது. வீட்டில் "இப்ப ஒரு பையன்" என்று ஆரம்பித்தார்கள். நான் யோசித்தேன். யாரிடமும் சொல்லாமல் நானே பஸ் ஏறிப் போய், ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று கேட்டேன்.

அதே நர்சம்மா. "அன்னிக்கு அத எடுக்கச் சொல்லி ஆடுன. இன்னிக்கு ஆபரேஷனே வேணுங்கிற. வெளையாடுறியா? வூட்டுக்காரர் எங்க?"

"வயல்ல இருக்காரு."

"அவருகிட்ட கேட்டியா?"

"அன்னிக்கு நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

பேனாவை நீட்டினார். என் பேரை எழுதினேன். கோணல்தான், ஆனால் என் பேர். மயக்கம் தெளிந்தபோது கட்டில் பக்கத்தில் அக்கா ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தார். பிணவறைக்காரி வார்டுக்குள் வரக்கூடாது என்று யாரோ கத்தினார்கள். அவர் பாட்டுக்கு ஆற்றினார்.

வீட்டில் மூன்று மாதம் என்னோடு யாரும் பேசவில்லை. நிம்மதியாக இருந்தேன்.

துபாயிலிருந்து மருமகன் கூப்பிடுவார், "இதெல்லாம் பொதுவுல எழுதுற விஷயமா அத்தை" என்று. எழுதுகிற விஷயம்தான் மாப்பிள்ளை. உங்கள் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இன்று சாவு வீட்டுக்கு அந்த நர்சம்மாவும் வந்திருந்தார். தடி ஊன்றிக்கொண்டு, பெரிய மாலையோடு. என் பக்கத்தில் உட்கார்ந்து, "தங்கமான பொம்பள. வாயாலதான் கெட்டா" என்றார்.

"அந்த வாயாலதான் நான் பொழச்சேன் சிஸ்டர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா முகத்தில் அதே முறைப்பு. தாடையை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வழக்கம்தான்... எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

போங்கக்கா. போற எடத்துல அந்தக் கட்ட அவுத்துப் போட்டுட்டுப் பேசுங்க.