நடுக்கோட்டில் ஆளில்லை

மனோர் பார்க்கில் எங்கள் தெருவை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். கவுன்சிலிடம் அனுமதி எடுத்து இரண்டு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டால், இருட்டும் வரைக்கும் தெரு பிள்ளைகளுடையது. தடுப்புக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். நான் பஸ் ஓட்டுகிறவள். தெருவில் வாகனத்தை மறிப்பது எனக்குத்தான் பொருத்தம் என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தது என் பக்கத்து வீட்டுக்காரி. பிலிப்பைன்ஸ்காரி, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். அவர்கள் மொழியில் அக்காவுக்கு 'ஆத்தே' என்பார்கள். நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். அவள் என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டு என்னைத் 'தங்கச்சி' என்பாள். மற்றபடி நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். ஆனால் அவள் சொன்னவையெல்லாம் எனக்குள் எங்கள் தமிழிலேயே தங்கிவிட்டன. அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தகரப்பேணி விளையாட்டு. வெறும் தகர டின் ஒன்றை நடுவில் வைத்து, தூரத்தில் நின்று செருப்பால் எறிந்து விழுத்தவேண்டும். விழுந்த பேணியைக் காவல்காரப் பிள்ளை நிமிர்த்தி வைப்பதற்குள் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவிட வேண்டும். எங்கள் தெருவின் வங்காளிப் பிள்ளைகளும் சோமாலியப் பிள்ளைகளும் என் மகளும் அதில் பைத்தியமாகிப் போனார்கள். பிறகு இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே இருந்து காலையும் கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க, மற்றவர்கள் அதை முள்வேலி என்று நினைத்துத் தாண்டுகிற விளையாட்டு.

ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் அவள் பூவாளியோடு வந்தாள். தெருவின் நடுவே தண்ணீரால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். இரண்டு பக்கத்திலும் எல்லைக் கோடுகள், குறுக்கே சில கோடுகள். வெயிலில் சுட்டுக்கிடந்த தாரிலிருந்து ஆவி எழும்பியது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆத்தே, இது எங்கட கிளித்தட்டெல்லோ!"

"எங்களுக்கு இது பத்தின்தேரோ" என்றாள்.

ஒரே விளையாட்டுத்தான். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் மறித்து நிற்பார். மற்றக் கட்சி அவர்கள் கைபடாமல் பெட்டி பெட்டியாகக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடி எல்லாரையும் தொடக்கூடியவர் ஒருவர் உண்டு. நாங்கள் அவரைக் கிளி என்போம். கிளிதான் அந்த விளையாட்டின் உயிர். ஆத்தே குறுக்குக் கோடுகளில் பிள்ளைகளை நிறுத்தினாள். நடுக்கோட்டில் ஒருவரையும் விடவில்லை.

"கிளி எங்கை?"

"ஆள் காணாது, அதுக்குப் பிள்ளையள் போதாது" என்றாள்.

ஓரத்தில் பிள்ளைகள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். சோக்கட்டி தரட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றாள். "சோக் அப்பிடியே கிடக்கும். விளையாட்டு முடிஞ்சா கோடு காய்ஞ்சு போகவேணும்."

ஓகஸ்ட்டில்தான் முதன்முதலாக அதைக் கவனித்தேன். அன்று நல்ல வெயில். குறுக்குக் கோடுகள் அடிக்கடி காய்ந்துபோக, ஆத்தே திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினாள். நடுக்கோட்டுக்கு அவள் ஊற்றவேயில்லை. அது முதலில் இழுத்தபடியே கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. தெருவின் சரிவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆட்டமிழந்து வந்து நடைபாதை ஓரத்தில் இருந்தார்கள். என் மகளும் வந்தாள். குறுக்குக் கோட்டில் நின்ற பிள்ளை அவளுக்குக் கிட்டவும் வரவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏன் வந்திட்டாய்? உன்னை ஒருத்தரும் தொடேல்லையே."

"தொட்டவ, அம்மா."

"ஆர்?"

"நடுவில ஓடுற அக்கா."

சர்வசாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்களும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் பயமில்லை. மகளின் ரீசேர்ட்டில், தோள்மூட்டுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஈரம். தொட்டு மணந்து பார்த்தேன். குழாய்த் தண்ணீரின் மணமில்லை. உப்பு மணம், கடற்கரையில் காய்கிற வலையின் மணம்.

"வேர்வை" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆத்தே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைத் தட்டி, "காணும், எல்லாரும் வீட்டை போங்கோ" என்றாள். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. பிள்ளைகள் முறுமுறுத்தபடி போனார்கள்.

அன்று என் குசினியில் வைத்துத்தான் சொன்னாள். தேத்தண்ணீரைத் தொடவேயில்லை.

அவளுடைய ஊர் கடலோரம். பின்னேரங்களில் கரையோரத் தெருவில் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டு விளையாடுவார்களாம். நடுக்கோட்டில் எப்போதும் அவளுடைய மூத்த சகோதரிதான். நீளக் கால்கள், நீளக் கைகள். அவளைத் தாண்டி ஒருவரும் போனதில்லை. ஒருமுறை புயல் வந்து கடல் ஊருக்குள் ஏறியது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். விடிந்து பார்த்தபோது சகோதரி இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

"கொஞ்ச நாளால தெருவைத் துப்பரவாக்கினம். திரும்ப விளையாடத் தொடங்கினம். நடுக்கோட்டில நிக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. அவளின்ர இடம் எண்டு விட்டம்" என்றாள். "பிறகு எங்களை ஆரோ தொடத் தொடங்கினது."

"பயமா இருக்கேல்லையா?"

"இல்லை. எங்களுக்குச் சந்தோசம். வீட்டில சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் ஓடிப்போய் அவளிட்டைத் தொடு வாங்கிக்கொண்டு வருவம்."

மகளுக்குக் கேட்காமல் குசினிக் கதவைச் சாத்தினேன். அவள் தொடர்ந்தாள்.

"ஒரு நாள் எல்லாரும் வெளியில போயிட்டினம். பெட்டிக்குள்ள நான் மட்டும். வெளியில வரப் பார்த்தன். இடது பக்கம் போனா அங்கை நிக்கிறாள். வலது பக்கம் போனா அங்கையும் நிக்கிறாள். தொடுறாளும் இல்லை, விடுறாளும் இல்லை. அவளுக்கு நான் வெளியில போறது விருப்பமில்லை. அம்மா வந்து, கோட்டுக்கு மேல நடந்து வந்து, என்னைத் தூக்கிக்கொண்டு போனா. அதுக்குப் பிறகு எங்கட தெருவில ஒருத்தரும் அதை விளையாடேல்லை."

"பிறகேன் இங்கை..."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இவ்வளவு தூரம் வருவாளோ எண்டு பார்க்க ஆசைப்பட்டன் தங்கச்சி."

கோபம் வந்திருக்கவேண்டும். என் பிள்ளை அந்தப் பெட்டிக்குள் ஓடியவள். ஆனால் கோபம் வரவில்லை. நான் இந்த நாட்டுக்கு வருமுன் கிளித்தட்டு விளையாடிய கோயில் வீதியிலும், என்னோடு ஓடியவர்களில் பலர் பிறகு இல்லாமல் போனார்கள். அவர்களுக்காக நான் எந்த இடத்தையும் வெறுமையாக விட்டதில்லை. விட்டால் வந்துவிடுவார்களோ என்று பயம். ஆத்தேக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்கு வரவேண்டியவள் ஒருத்தி மட்டும். எனக்கு ஒரு நடுக்கோடு போதாது.

"இனி வேண்டாம் ஆத்தே" என்றேன். "ஓம்" என்றாள்.

ஆனால் பிள்ளைகளிடம் அதை யார் சொல்வது? செப்டெம்பர் ஞாயிறில் ஆத்தே வேலைக்குப் போயிருந்தாள். நான் தடுப்பருகில் நின்றேன். திருப்பி அனுப்பவேண்டிய டெலிவரி வான்காரன் ஒருவன் வந்து, தான் உள்ளே போகத்தான் வேண்டும் என்று நின்றான். அவனோடு வாக்குவாதப்பட்டு முடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளைகள் தங்கள் தண்ணீர்ப் போத்தல்களால் கோடு போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். நடுக்கோட்டை வெறுமையாக விட்டிருந்தார்கள். அவர்கள் பழகிய விளையாட்டு அதுதானே.

வானம் சாம்பல் நிறத்தில் பதிந்திருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. நான் நடந்து போய்ச் சேருமுன் மற்ற எல்லாரும் ஓரத்தில் வந்து இருந்துவிட்டார்கள். குறுக்குக் கோடுகளில் நின்றவர்கள்கூட விலகி வந்திருந்தார்கள். பெட்டிக்குள் என் மகள் மட்டும்.

அவள் இடது பக்கம் ஓடினாள், நின்றாள். வலது பக்கம் ஓடினாள், நின்றாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் ஓடினாள். கொஞ்சத்தில் சிரிப்பு நின்றது. அவளுக்கு முன்னால் ஒன்றுமில்லை. வெறும் தார்த்தெரு, அதற்கப்பால் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டிகள்.

"வெளியில வா பிள்ளை!"

"ஏலாது அம்மா. விடுறாவில்லை."

நான் பெட்டியை நோக்கி ஓடினேன். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது கால் நின்றுவிட்டது. பயத்தில் நிற்பது எனக்குத் தெரியும், இது அப்படியில்லை. யாரோ கையை விரித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்குள் போக முடியாமல் உடம்பு தானாக நிற்குமே, அப்படி. முகத்தில் ஈரக்காற்றுப் பட்டது. பிள்ளைகள் ஒரு சத்தமும் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஆத்தே தெருமுனையில் திரும்பினாள். வேலை முடிந்து, நேர்ஸ் உடுப்போடு, தோளில் பையோடு. எங்களைக் கண்டதும் பையைக் கீழே போட்டாள். சப்பாத்தைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றினாள். வெறுங்காலோடு நடந்து வந்து நடுக்கோட்டின் ஒரு முனையில் ஏறி நின்றாள்.

தன் மொழியில் பேசினாள். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. விளையாட்டில் இருக்கிற மூத்தவளிடம், இனி என்னுடைய முறை என்று சின்னவள் கேட்கிற குரல். எனக்கு விளங்கியது 'ஆத்தே' என்ற சொல் மட்டும். அதைப் பலதரம் சொன்னாள். பேசிக்கொண்டே கோட்டின்மேல் அடியடியாக முன்னுக்கு வந்தாள். என் மகளுக்கு நேரே வந்ததும் நின்று கைகளை விரித்தாள். பிறகு ஒரு கையை மட்டும் இறக்கி வழிவிட்டாள்.

மகள் அந்தக் கைக்குக் கீழால் நடந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குளத்தில் நெடுநேரம் நின்றவள்போல உடம்பு குளிர்ந்திருந்தது.

ஆத்தே கோட்டை விட்டு இறங்கவில்லை. "வாங்கோ" என்று மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "திரும்ப விளையாடுவம். இனி நான்தான் நடுவில."

வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். ஐம்பதை எட்டப்போகிற அந்த மனுசி மூச்சு வாங்க வாங்க மேலும் கீழும் ஓடினாள். ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டாள். தொடுபட்ட பிள்ளைகள் கத்தினார்கள், கள்ளம் என்றார்கள், சண்டை பிடித்தார்கள். முந்திய ஞாயிறுகளில் அந்தச் சத்தம் இருக்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவிளக்கு எரிந்ததும் ஆட்டத்தை நிறுத்தினோம். கோடுகள் எல்லாம் காய்ந்திருந்தன.

மகளை இரண்டு இரவு என் கட்டிலில் படுக்க வைத்தேன். அவள் நன்றாக நித்திரை கொண்டாள், நான்தான் விழித்திருந்தேன். அவளிடம் ஒருமுறை கேட்டேன், அந்த அக்கா எப்படி இருந்தா என்று. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கோவமில்லை அம்மா. விளையாட்டு முடியக்கூடாது எண்டு நிண்டவ."

அதற்குப் பிறகு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கோடையிலும் தெருவை மூடினோம். ஆத்தேயே கோடு போட்டாள், ஆத்தேயே நடுவில் ஓடினாள். வேலை இருக்கிற ஞாயிறுகளில் முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிடுவாள். அந்த நாட்களில் தடுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நான் நடுக்கோட்டில் ஓடுவேன். எங்கள் இருவருக்கும் ஏலாத நாளில் பிள்ளைகளுக்குத் தகரப்பேணி மட்டும்தான்.

ஒருநாள் ஆட்டம் முடிந்து அவள் வாசற்படியில் இருவரும் இருந்தோம். அவள் வெறுங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள், முதல் கார் மெதுவாக உள்ளே வந்தது.

"அவளின்ர இடத்தை நான் எடுத்திட்டன்" என்றாள். "இனி அவள் எங்கை போய் நிப்பாள்?"

கார் எங்களைக் கடந்து போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் எழும்பி உள்ளே போனாள். நான் கதவு சாத்துகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கனநேரம் அவள் அதைச் சாத்தவில்லை.