தேங்காயெண்ணெய் பூசிய துவக்கு

தேங்காயெண்ணெய் மணத்தால் மற்றவர்களுக்குத் தலைமுடியும் இரட்டைப் பின்னலும் நினைவுக்கு வரக்கூடும். எனக்கோ இரும்புதான் நினைவுக்கு வருகிறது. ஹீட்டர் சூட்டில் புழுங்கும் ஒரு சமையலறை, மேசையில் விரித்த பழைய செய்தித்தாள், அதன்மேல் துண்டு துண்டாகக் கழற்றி வைத்த ஒரு துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும் அப்பாவின் வலது கை. கனடாவின் மொன்றியலில் ரொக்ஸ்பரோ புகையிரத நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் நாங்கள் குடியிருந்த காலம் அது. எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது.

துவக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு நவம்பர் மாதப் பிற்பகல். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் ஊர் பேர் தெரியாதவர்களின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா வீட்டில் தனியாகத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் பின்கதவு உடைந்தது அவருக்குக் கேட்கவில்லை. தோளில் ஒரு கை விழுந்த பிறகுதான் திரும்பியிருக்கிறார். வந்தவர்கள் இரண்டு பேர். கழுத்தில் கிடந்த தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள். பொலிஸ்காரர்கள் மிக மரியாதையாக வந்து, மிக மரியாதையாக எழுதிக்கொண்டு போனார்கள், அத்தோடு சரி.

அன்றிலிருந்து அம்மா தனியாக இருக்கும்போது மெஷினை ஓட்டுவதில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வரும்வரை, கையில் செபமாலையோடு அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பார். அப்பாவோ வேலையில் ஒவ்வொரு ஓய்வுக்கும் தொலைபேசியில் கூப்பிட்டு "கதவு பூட்டோ?" என்று கேட்பார். ஒரு நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, "என்ரை வீட்டுக்குள்ள வந்து அவளின்ரை கழுத்தில கை வைச்சிருக்கிறாங்கள், நான் சாமான் தூக்கிக்கொண்டு நிண்டிருக்கிறன்" என்றார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, கோப்பையிடம்தான் சொன்னார். பெரியவர்களுக்கும் வழி தெரியாமல் போகும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது என்னை அந்தக் கள்ளர்களை விடப் பயமுறுத்தியது.

துவக்கு யோசனையைக் கொடுத்தவர் அப்பாவோடு வேலை செய்த ரெஜான் என்ற கியூபெக்காரர். இலையுதிர் காலம் வந்தால் காட்டு வாத்துச் சுடப் போகிறவர். அப்பா அவரை "ரெஜான் அண்ணை" என்றே கூப்பிடுவார், அவரும் அதைத் தன் பட்டம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்வார். துவக்கு வாங்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு வகுப்பு, வகுப்புக்குப் புத்தகம், புத்தகத்துக்கு ஆங்கிலம். ஆகவே சனிக்கிழமைகளில் நான் வாசித்துச் சொல்ல அப்பா பாடம் படித்தார். "எப்பவும் லோட் பண்ணியிருக்கெண்டே நினைக்க வேணும், குறி என்னெண்டு தெரியாமல் விரலை விசையில வைக்கப்படாது" என்று நான் தமிழாக்கிய விதிகளை அவர் மந்திரம் மாதிரித் திருப்பிச் சொல்வார்.

கடைக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றவர் எதற்குத் துவக்கு என்று பிரெஞ்சில் கேட்டார். "கள்ளருக்கு" என்று அப்பா சொன்னதை நான் அப்படியே சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த நாட்டில் அதற்காக யாரும் துவக்கு வாங்குவதில்லை, வாத்துக்கும் மானுக்கும்தான் வாங்குகிறார்கள் என்றார். "அப்ப தாராவுக்கெண்டு சொல்லு, பிள்ளை" என்றார் அப்பா. சொன்னேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலில் அவர் எடுத்துக் காட்டியது முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்து இயக்கும் துவக்கு. விலையும் குறைவு, பழுதும் குறைவு, குளிரோ அழுக்கோ எதற்கும் அசையாது என்றார். ஆனால் அதற்கு இரண்டு கையும் ஒழுங்காக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு ஷெல் துண்டு பட்டதிலிருந்து அப்பாவின் இடது முழங்கை பாதிக்கு மேல் மடங்காது. மூன்று தரம் இழுத்துப் பார்த்தார், மூன்று தரமும் பாதியில் நின்றது. கடைக்காரர் அதை வாங்கி வைத்துவிட்டு, தானியங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு தோட்டா வெடிக்கும் வாயுவின் வேகத்திலேயே அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். தோளில் இடிப்பதும் குறைவு. "ஆனால் இதுக்குச் செல்லம் அதிகம்" என்று எச்சரித்தார். வெடித்த கரி உள்ளே படியும், துடைக்காவிட்டால் சிக்கும். குளிர்காலத்தில் மெல்லிய துவக்கு எண்ணெய், அதுவும் ஒரு துளிதான், தடித்த எண்ணெய் கூடவே கூடாது. எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

அனுமதிப் படிவத்தில் மனைவியும் கையெழுத்துப் போட ஓரிடம் இருந்ததை இங்கே சொல்ல வேண்டும். அம்மா அதை இரண்டு மாதம் பைபிளுக்குள் வைத்திருந்தார். "இஞ்சேருங்கோ, துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச வந்தனாங்கள்" என்று ஒருநாள் கேட்டார். அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு: துவக்கு வீட்டுக்குள் இருக்கப்படாது. அதனால் பின்கதவோடு ஒட்டிய, ஹீட்டர் இல்லாத சின்னக் கொட்டிலில் ஓர் இரும்பு அலுமாரி வந்தது. துவக்கு அதற்குள், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டிக்குள், இரண்டு சாவியும் அப்பாவின் கழுத்தில் சிலுவையோடு ஒரே நூலில்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ரெஜானோடு ஒருமுறை வாத்துச் சுடப் போய், ஒரு வாத்தும் விழாமல் மூக்கு ஒழுகத் திரும்பி வந்ததைத் தவிர அப்பா அந்தத் துவக்கைப் பாவிக்கவேயில்லை. ஆனால் சனி தவறாமல் கழற்றினார். சுடாத துவக்கில் கரி எங்கிருந்து வரும்? இருந்தாலும் கம்பியில் துணி சுற்றிக் குழாயைத் துடைப்பார், ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவர் துடைத்தது துவக்கையல்ல, அந்தப் பிற்பகலை என்று இன்று எனக்குப் படுகிறது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, துவக்கு எண்ணெய்ப் போத்தல் தீர்ந்துபோயிருந்தது. ஹீட்டருக்கு மேல் எங்கள் தேங்காயெண்ணெய்ப் போத்தல் நின்றது. மொன்றியல் தமிழ் வீடுகளில் குளிர்காலத்தில் அதுதான் அதன் இடம். கீழே இறக்கினால் சற்று நேரத்தில் மெழுகாகிவிடும். அது தெரியாத தமிழர் இந்த ஊரில் இல்லை. ஆனால் அப்போது அது கண்ணாடி போல உருகி நின்றது. "ஊரில சைக்கிள், பூட்டு, தண்ணி பம்ப் எல்லாத்துக்கும் இதுதானே" என்று அப்பா அதைச் சாய்த்தார். நான் கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். அம்மா அடுப்படியில் புட்டுக் கொத்திக்கொண்டு நின்றார். துளியாக அல்ல, தாராளமாகவே பூசி, துடைத்து, அப்பா துவக்கைக் கொட்டிலில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வாரம் பனிமழை பெய்து ஊரே கண்ணாடியாகிப் போனது. பள்ளிக்கூடத்தை மதியத்தோடு விட்டார்கள். முன்படி வழுக்கியதால் பின்பக்கம், கொட்டில் கதவுக்குப் போனேன். பூட்டுத் திறந்தது, கதவு பனியில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை என்று எனக்கு நிச்சயம். அம்மா சாமான் வாங்கக் காலையிலேயே போயிருந்தார், அப்பா வேலையில். விமானங்கள் பறக்காததால் அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? காலால் உதைத்தேன், தோளால் இடித்தேன், ஏழெட்டுத் தரம்.

கதவு திடீரென்று விட்டுக்கொடுக்க, கண்வரை சால்வை சுற்றியிருந்த நான் உள்ளே விழுந்தேன். நிமிர்ந்தபோது நேரே துவக்கின் வாய் தெரிந்தது. அதற்குப் பின்னால் அப்பா. அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, பயம், வெறும் பயம். அவருடைய விரல் விசையை அழுத்தியதை நான் கண்டேன். ஒருமுறை அழுத்தினார். இன்னொருமுறை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. சால்வையை இழுத்துவிட்டு "அப்பா" என்றேன்.

அவர் அப்படியே சீமெந்துத் தரையில் குந்திவிட்டார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்து பூட்டிக்கொள்ள வேண்டிய இரும்புத் துண்டு பாதி வழியில் நின்றிருந்தது. அது முழுதாகப் பூட்டாமல் விசை வேலை செய்யாது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் உறைந்த எண்ணெய். விரலால் வழித்து மணந்து பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அம்மாட்டை மட்டும் சொல்லாதை, பிள்ளை. அவள் தாங்கமாட்டாள்" என்றார். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். இரண்டு நாளில் ரெஜானைக் கூட்டிக்கொண்டுபோய்த் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்தார். "அது பழுது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

அந்த வீடு இப்போது வேறு யாருக்கோ சொந்தம், கொட்டிலை இடித்துவிட்டார்களாம். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அம்மா லவாலில் ஒரு சின்ன அடுக்கு வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் போனபோது ஹீட்டர்மேல் நின்ற போத்தலை எடுத்து என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, ஒரு முன்னுரையும் இல்லாமல் சொன்னார்:

"அண்டைக்குக் கொப்பர் துவக்குக்கு இந்த எண்ணெயைப் பூசேக்க நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். உறையுமெண்டு எனக்குத் தெரியும். வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

"ஏனம்மா?"

"அந்த மனுசன் ஒரு ஆளைச் சுட்டுப்போட்டுப் பேந்து எங்களோட இருந்து சோறு தின்னுவாரே? கள்ளன் வந்தால் வரட்டுமெண்டு விட்டிட்டன். பிறகு துவக்கைக் குடுத்திட்டு வந்து பழுதெண்டார். முகத்தைப் பாக்கேலாமல் கிடந்தது. என்னைக் காக்கவெண்டு வைச்சிருந்த ஒண்டை நானே பழுதாக்கிப்போட்டன் எண்டு, செத்த வீட்டிலயும் அதுதான் எனக்கு நினைப்பு. கடைசிவரைக்கும் அவரிட்டை மன்னிப்புக் கேக்கேல்லை."

அப்பாவுக்குப் பண்ணிய சத்தியத்தை நான் அன்று உடைத்தேன். பனிமழை, ஒட்டிய கதவு, சால்வை, இரண்டுமுறை அழுத்திய விரல், எல்லாவற்றையும் சொன்னேன். என் தலையில் இருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு போத்தலை மறுபடி சாய்த்து, வழிய வழிய ஊற்றி, உச்சியிலிருந்து நெற்றிவரை, நெற்றியிலிருந்து காதுவரை, நான் முழுசாக இருக்கிறேனா என்று தடவிப் பார்ப்பதுபோல வெகுநேரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தார்.