மகள் கேட்ட மஹர்

என் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த அன்று, மணமகன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹராக என்ன வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பெண் நேரே வாய் திறப்பது குறைவு. பெரியவர்கள் ஒரு தொகையைச் சொல்வார்கள், அது பதிவுப் புத்தகத்தில் ஏறும், அத்தோடு முடிந்துவிடும். என் மகள் அறையிலிருந்து வெளியே வந்து, "எனக்கு பிட்கொயின் வேணும். முழுசு வேணாம், இருபதில ஒரு பங்கு போதும்," என்றாள்.

மாப்பிள்ளை மருதமுனைக்காரர். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணினி வேலை செய்தார். சம்பளத்தில் ஒரு பகுதி அவருக்குப் பிட்கொயினாகவே வந்துகொண்டிருந்தது. அவர் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. சவளக்கடைப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. பொருள் என்றால் அவருக்கு மூட்டை கட்டித் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வந்தவர்கள் போன பிறகு, "இதென்ன சூதா மகள்? கண்ணால காணாத சாமான மஹரா கேக்கிற?" என்றார்.

"பேங்கில கிடக்கிற ஒங்கட காச நீங்க கண்ணால கண்டிரிக்கீங்களா வாப்பா?" என்று கேட்டுவிட்டு மகள் என் பக்கம் திரும்பினாள். "உம்மா, ஒங்கட மஹர் ஆயிரத்தொரு ரூபாதானே? அண்டைக்கு அதுல என்ன வாங்கலாம்?"

"ஒரு சின்ன மோதிரம் வாங்கலாம்."

"இண்டைக்கு?"

அது ஒரு மூட்டை சீமெந்துக்கும் காணாது.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள். பணம் பெறுமதியைச் சேமித்து வைக்கும் சாதனம் என்று இருபது வருடத்துக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அரசாங்கம் வருமானத்துக்கு மேல் செலவழித்து, பற்றாக்குறைக்குக் காசு அச்சடித்தால் அந்தப் பெறுமதி எப்படிக் கரையும் என்பதும் அதே பாடத்தில்தான் வரும். பிட்கொயினை எந்த அரசாங்கமும் நினைத்தபடி கூட்ட முடியாது, இருபத்தொரு மில்லியனுக்கு மேல் அது உண்டாகாது என்று மகள் எனக்கு விளக்கியபோது, தர்க்கத்தில் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதன் விலை ஒரு கிழமைக்குள் ஏறி இறங்கிய விதத்தைப் பார்த்தால், அதை வைத்து ஒரு கிலோ அரிசிக்கு விலை குறிக்க முடியாது. இதையும் அவளிடம் சொன்னேன்.

"நான் அரிசி வாங்கவா கேக்கிறன்?" என்றாள்.

பள்ளிவாசல் மௌலவியிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். மார்க்கத்தில் இதை ஆகும் என்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள், ஆகாது என்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றார். "மஹர் எண்டா இன்னதுதான் எண்டு தெரிஞ்ச பொருளா இரிக்கணும். கையில ஒப்படைக்க ஏலுமா இது?"

"போனுக்குப் போன் ஒப்படைக்கலாம் மௌலவி," என்றாள் மகள்.

விவாகப் பதிவாளர் அவ்வளவு நேரம் யோசிக்கவில்லை. "இஞ்ச ரூபா எழுதலாம், இல்லாட்டி பவுண் எழுதலாம். அண்டைய விலையப் பாத்து ரூபாயில போடுவமா?"

"ரூபாயில எழுதினா அது ரூபாதானே சேர்," என்றாள்.

கடைசியில் மாப்பிள்ளைதான் வழி சொன்னார். மஹராக நாலு பவுண் தங்கம் பதிவாயிற்று. பிட்கொயினை அவர் அன்பளிப்பாகக் கொடுத்தார். நிக்காஹ் முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருக்கையில் மகளின் கைப்பேசிக்கு அது வந்து சேர்ந்தது. பெண்கள் பக்கத்தில் அது பெரிய செய்தியாகி, "காட்டுங்க பாப்பம்" என்று ஆளுக்கு ஆள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்கள். பூச்சியத்தில் தொடங்கும் ஓர் எண்ணைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. என் மச்சி ஒருத்தி, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த சில மாதங்களில் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து ரூபாய் விழுந்தது. அந்த நாட்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: எங்கள் ஊர் வழக்கப்படி மகளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொண்டிருந்த வீடு சுவர் மட்டத்தில் நின்றது. அதற்கென்று வங்கியில் நான் சேர்த்திருந்த பணத்தில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் அது கூரைக்குப் போதாமல் போய்விட்டது. சீமெந்தின் விலை மூன்று மடங்கை எட்டியது. மாப்பிள்ளையின் கம்பனி ஆட்களைக் குறைத்தது, அவருடைய வேலையும் போனது.

அதே காலத்தில் பிட்கொயினும் விழுந்தது. டொலரில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ரூபாயில் பார்த்தால் பாதியளவு மிஞ்சியது, ரூபாயும் சேர்ந்து விழுந்ததால். பவுண் மட்டும் ஏறியது. மகள் இல்லாத நேரத்தில் என் கணவர் என்னிடம், "நாலு பவுண் எழுதினது நல்லதாப் போச்சி," என்றார்.

மூன்று பவுணை விற்றுக் கூரை போட்டோம். வீட்டுத் தரைக்கும் கதவுகளுக்கும் காசு போதவில்லை. அப்போதுதான் மகள் பிட்கொயினில் கால்வாசியை விற்க முடிவு செய்தாள். இங்கே எந்த வங்கியும் அதை வாங்காது. அது சட்டபூர்வமான பணம் அல்ல என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. செல்போனில் ஆள் பிடித்துத்தான் விற்க வேண்டும். அக்கரைப்பற்றில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் வாங்கினார். ரூபாய் அவள் கணக்குக்கு வந்தது, அவள் பிட்கொயினை அனுப்பினாள். ஒன்பதாம் நாள் கணக்கு முடக்கப்பட்டது. அனுப்பப்பட்ட பணம் வேறு யாரையோ ஏமாற்றி எடுத்தது என்று முறைப்பாடு வந்திருந்தது.

நானும் அவளும் கல்முனையில் வங்கிக்கும் பொலிசுக்குமாக அலைந்தோம். போன இடமெல்லாம் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "சரி, என்ன சாமான் வித்தீங்க?" என்று கேட்பார்கள். சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அதைத் தடைசெய்யும் சட்டமும் அவர்களிடம் இல்லை, விற்றவளைக் காப்பாற்றும் சட்டமும் இல்லை. ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கையில் அவள் அழுதாள். "நான் களவெடுத்த மாதிரிக் கேக்கிறாங்க உம்மா," என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, அந்தத் தொகையை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க அவள் சம்மதித்தாள். கணக்கு திறந்தது. விற்ற பிட்கொயினும் போனது, பணமும் போனது. மிச்சத்தை அவள் தொடவில்லை. அந்தப் போகத்து நெல்லை விற்று என் கணவர் தரைக்குச் சீமெந்து போட்டார்.

இப்போது மாப்பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, மகளும் வேலைக்குப் போகிறாள். பிட்கொயினின் விலையும் ஏறி, நிக்காஹ் நாளில் இருந்ததைத் தாண்டிவிட்டது. போன நோன்பு மாதத்தில் மகள் கைப்பேசியோடு மௌலவியிடம் போய், சேமிப்பிலிருந்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய சகாத் இதற்கும் உண்டா என்று கேட்டாள்.

"ஆகும் எண்டு வெச்சிக்கிறதா இருந்தா சகாத்தும் உண்டு," என்றார் அவர்.

அவள் கணக்குப் பார்த்து, பிட்கொயினைத் தொடாமல், சகாத்தைத் தன் சம்பளத்திலிருந்து ரூபாயாகக் கொடுத்தாள்.