எங்கள் மாடு எத்தனை லிட்டர் கறக்கும்?

நான் தங்கியிருக்கும் வீட்டில் ஆறு பேருக்கு ஒரே ஃபிரிட்ஜ். ஒவ்வொருவரும் தங்கள் பால் பாட்டிலில் பெயரெழுதி, பால் எதுவரை இருக்கிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடும் போட்டு வைக்கிறார்கள். அடுத்தவர் எடுத்தால் தெரிந்துவிடுமாம். வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இருக்கிற பாலை இப்படி ஊரறியக் கோடு போட்டா காட்டுவார்கள்? ஏன் அப்படித் தோன்றியது என்று அன்றைக்கே நின்று யோசித்திருந்தால், என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் பிழைத்திருக்கும்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டை ஒட்டிய மீனாட்சிபுரத்திலிருந்து இங்கிலாந்தின் வடக்கு மூலைக்கு உலகளாவிய வளர்ச்சி பற்றி முதுகலை படிக்க வந்தவள் நான். ரேஷன் கார்டு மலையாளத்திலும் சண்டை தமிழிலும் நடக்கிற ஊர் எங்களுடையது. ஆய்வேட்டுக்குத் திட்டம் போட்டபோது, "உனக்கு நன்றாகத் தெரிந்ததை எடுத்துக்கொள்" என்றார் என் வழிகாட்டி ஹெலன். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்றுவரை நாக்கு எழவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். மாடு வளர்க்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் வாழ்க்கையை எழுதுவதென்று முடிவானது. ஊருக்குப் போய்வர வசதியில்லை என்பதால் எல்லாப் பேட்டியும் போனில்தான். அம்மாவே போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பன்னிரண்டு பெண்கள், முதல் பேட்டி அம்மாவினுடையது. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற பல்கலைக்கழக விதியை நான் ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நீங்க கேளுங்க" என்றார்கள். எல்லாவற்றுக்கும் பதிலும் சொன்னார்கள்.

கோடை வந்ததும் வளாகம் காலியானது. வீட்டிலிருந்தவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள், பாதிப் பாட்டில்களை விட்டுவிட்டு. நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே முழு நாள் கழிந்ததுண்டு. கடையில் தானாகப் பில் போடும் எந்திரத்துக்கு ஒருநாள் நன்றி சொல்லிவிட்டேன். தனிமை இப்படியெல்லாம் கேவலப்படுத்தும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் ஒரே துணை. பின்னணியில் கோழி கொக்கரிக்கும், பொள்ளாச்சி பஸ் ஹார்ன் அடிக்கும். "ஏதோ, ஒரு நாளைக்கு நாலு லிட்டர் ஊத்துதுங்க" என்று அம்மா சொன்ன இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். குரலுக்காகத்தான், கணக்கைக் கவனிக்கவேயில்லை. மற்ற பெண்களும் மூன்று, நாலு என்றே சொன்னார்கள். நிறையக் கறக்கும் என்று நம்பி வாங்கிய கலப்பின மாடுகள் எங்கள் ஊர்ப் பெண்களைக் கைவிட்டுவிட்டன என்று ஆவேசமாக ஓர் அத்தியாயம் எழுதி அனுப்பினேன்.

ஹெலன் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாலு லிட்டர் கறக்கும் மாட்டை எதற்கு வைத்திருக்கிறார்கள்?" எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஜனங்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்கிறாரோ என்று நினைத்து, வறுமையைப் பற்றிப் பத்து நிமிடம் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "என் மாமாவும் மாடு வைத்திருந்தார். நாலு லிட்டர் தீவனச் செலவுக்கே காணாது. அதனால்தான் கேட்டேன்" என்றார். சமர்ப்பிக்க மூன்றே வாரம். அந்த அத்தியாயம் விழுந்தால் ஆய்வேடு விழும். ஆய்வேடு விழுந்தால் நான் கடல் தாண்டி வந்ததற்கே அர்த்தமில்லை.

மறுநாள் முற்பகல் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலக் கறவை நேரம். போனைத் தீவனத் தொட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் கறக்க உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக் கறவைப் போசி ஆறு லிட்டர் பிடிக்கும். அது கழுத்துவரை நுரைத்து நிறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒருவேளைக் கறவை மட்டும்.

"அம்மா, இது ஆறு லிட்டர் இருக்குமே!" என்று கத்திவிட்டேன்.

"ச்சூ! சத்தமாச் சொல்லாத கண்ணு, அக்கம்பக்கத்துல காது கேக்கும்" என்று துண்டை எடுத்துப் போசியை மூடினாள்.

"அப்பறம் எங்கிட்ட ஏம்மா நாலுன்னு சொன்ன?"

"நீயா கேட்ட? காயிதத்தப் பாத்துப் படிச்சுக் கேட்ட. யாராரோ படிக்கிற பொஸ்தகம்ன வேற. கண்ணுபட்டு மாடு காம்பு வத்திப்போச்சுன்னா நீ வந்து பாப்பியா?"

மிருகாஸ்பத்திரியிலிருந்து கணக்கெடுக்க ஓர் ஆபீசர் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலையாள விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எத்ர லிட்டர் கிட்டும்?" என்று கேட்டார். "ஏதோ, நாலு லிட்டருங்க சாரே" என்றாள் அம்மா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. நிறைந்த போசியைப் பின்கட்டில் ஒளித்துவிட்டு வந்தவளே நான்தான். அவர் பைக் தெருமுனை திரும்பியதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அதே நாலை எனக்கும் கொடுத்திருக்கிறாள். நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று முழுக்க அழுதேன்.

அத்தியாயத்தை அழித்துவிட்டு வேறு எழுதினேன். எங்கள் ஊரில் கறவையைக் கேட்பதே தப்பு. கேட்டால் குறைத்துச் சொல்வதுதான் மாட்டுக்குச் செய்யும் காவல். இதெல்லாம் தெரிந்திருந்தும் கேட்டவள் நான் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, காலையும் மாலையும் சேர்த்து எவ்வளவு என்று கிசுகிசுத்தாள். "எழுதிப்போடாத சாமி. உனக்குத் தெரியோணும்னுதான் சொன்னேன்" என்றவள், "நல்லாச் சாப்படறயா? பேச்சுத்தொணைக்கு ஆளிருக்குதா?" என்றாள். நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். அவள் நிறைவைக் குறைத்தாள் என்றால் நான் என் குறையை மறைத்தேன்.

புதிய அத்தியாயம் ஹெலனுக்குப் பிடித்திருந்தது. "சரியான அளவு இப்போது உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "எவ்வளவு?" ஆசையாகத்தான் கேட்டார். "ஏதோ, கொஞ்சம் கறக்கும்" என்று என் வாய் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, வரும் வழியில் பால் வாங்கி வந்தேன். டீ போட்டது போக மீதிக்கு, இந்த வீட்டு வழக்கப்படி பெயரெழுதிக் கோடும் போட்டேன். பிறகு, வீட்டுக்கு இன்னும் யாரும் திரும்பவில்லை என்றாலும், கோடு யார் கண்ணிலும் படாதபடி, பாட்டிலை உள்சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஃபிரிட்ஜை மூடினேன்.