மூச்சைப் பிடித்துக்கொண்டு பல் பிடுங்கியவள்

முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. ஒரு மில் தொழிலாளியின் கடைவாய்ப் பல்லைக் குறடு பற்றியிருக்கும்போதே எனக்குக் கண் இருட்டியது. விழித்தபோது தரையில் கிடந்தேன். பாவம், அந்த மனிதர் வாயைத் திறந்தபடியே தன் தொப்பியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் கடைசி. ஹாங்காங் காய்ச்சல் என்ற ஃப்ளூ பம்பாய்க்குள் வந்திருந்தது. நான் பல் மருத்துவத்தில் கடைசி ஆண்டு. முகத்துணியெல்லாம் அறுவை அறைக்குத்தான். புறநோயாளிப் பிரிவில் எங்களுக்கு வெறும் கை, வெறும் முகம். பஸ்ஸில் யாராவது இருமினால் பக்கத்து ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்களோ இருமுகிறவர்களின் வாய்க்கு நேரே தலையை நீட்டிக்கொண்டிருந்தோம். மாதுங்கா வீட்டில் அப்பாவுக்கு ஆஸ்துமா (மூச்சுக்குழல் சுருங்கி வரும் இழுப்பு). என் பயமெல்லாம் அவரைப் பற்றித்தான்.

எனக்கும் காய்ச்சல்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். தெர்மாமீட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம், ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பின் வரைபடம்) எல்லாம் ஒழுங்கு. எங்கள் குடும்ப டாக்டர் ஒரு ஸ்பூனைக் கையில் கொடுத்துத் தன் வாயைத் திறந்தார்.

"என்னை உன் பேஷண்ட்னு நினைச்சுக்கோ. பல்லைப் பார்."

குனிந்தேன். சற்று நேரத்தில் என் கையைப் பிடித்தார்.

"மூச்சு விட மறந்துட்டியா?"

ஒவ்வொரு வாயின் மேலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தாங்காதபோது திரும்பி வேகவேகமாக வாங்கியிருக்கிறேன். எனக்கே தெரியாது. பதற்ற நோய் (மனத்தின் பயம் உடம்பில் அறிகுறிகளாக வெளிப்படுவது) என்றார்.

"அப்போ ஒண்ணுமில்லேன்னு சொல்லுங்கோ," என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லேன்னு நான் சொல்லலையே மாமி. காய்ச்சல்னா ரசம் வச்சுக் குடுத்துப் பாத்துப்பேளோல்லியோ, இதுக்கும் அப்படிப் பாத்துக்கணும்."

எனக்கு அவமானமாக இருந்தது. நிஜக் காய்ச்சலில் படுத்த தோழிகளைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டேன். சில வாரங்கள் மூச்சுப் பயிற்சி: வயிற்றில் கை வைத்து மெதுவாக உள்ளே, இன்னும் மெதுவாக வெளியே. வீட்டில் நன்றாகத்தான் வந்தது. கல்லூரியில் முதல் வாயைப் பார்த்ததுமே எல்லாம் போயிற்று. இன்னொரு முறை விழுந்தால் படிப்பை விட்டுவிடுவேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் என் நாற்காலியில் உட்கார்ந்தவர் தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்யும் ஓர் அம்மா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊசி போட்டு ஈறு மரத்ததும், குறடும் கையுமாகக் குனிந்தேன். அவர் என் மணிக்கட்டைத் தள்ளினார்.

"தோலு வாடை அடிக்கா, டாக்டரம்மா? சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன். நீங்க மூச்சப் பிடிச்சிக்கிட்டே நிக்கியளே. வேண்டாம்னா நான் எந்திரிச்சுப் போயிருதேன்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. இதை எத்தனை இடத்தில் சொல்லிப் பழகியிருப்பாரோ. என் பயம் அவருக்கு அருவருப்பாகத் தெரிந்திருக்கிறது.

"ஐயோ, உங்களால இல்லேம்மா. எனக்குத்தான் பயம். காய்ச்சலை ஒட்ட வச்சுண்டு ஆத்துக்குக் கொண்டு போயிடுவேனோன்னு."

"அம்புட்டுத்தானா?" மரத்த உதடு கோணச் சிரித்தார். "எனக்கும் பயந்தான். வெரசா பிடுங்கிப் போடுங்க."

மூச்சை இழுத்தேன். கிராம்புத் தைலம், வெற்றிலை, ஆமாம், தோலும்தான். மெதுவாக விட்டேன். மறுபடி இழுத்தேன். பல் வந்தது. நான் விழவில்லை.

பயம் அன்றோடு ஒழிந்துவிடவில்லை. காய்ச்சல் ஊரைவிட்டுப் போன பிறகும் என்னோடு தங்கியிருந்தது. மற்றவர்களுக்கு மூச்சு தன்பாட்டுக்குப் போய் வருகிறது. என் மூச்சை நான் கூடவே இருந்து அனுப்பிவைக்கிறேன். ஒரு பல் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் எனக்கு நிமிடக் கணக்கு வராது, மூச்சுக் கணக்குதான்.

இதைப் படிக்கும் பல் மருத்துவ மாணவரே, உங்களுக்கும் இப்படி ஏதாவது வந்தால் வெட்கப்படாமல் யாரிடமாவது சொல்லுங்கள். குனியும்போது மூச்சு விடுங்கள். நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குப் பார்ப்பதற்கு நம் முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.